இடைவெளி விடாமல் நிரப்புக

கடந்த பத்து வருடங்களில் இருந்த முகவரிகளை, ஒரு மாதம்கூட விடுபடாமல், வரிசையாக எழுதச் சொன்னது கனடாவின் நிரந்தர வதிவிட விண்ணப்பப் படிவம். தபால்பெட்டி இலக்கம் கொடுக்கக் கூடாது. வீட்டு இலக்கம் வேண்டும், தெருப் பெயர் வேண்டும். அம்மா தூங்கிய பிறகு இஸ்தோப்பில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தின் முன்னால் நெடுநேரம் இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குத் தெரு கிடையாது. பங்களாவுக்குப் போகிற பாதையிலிருந்து பிரிந்து, கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டி, இருபத்தெட்டுப் படி இறங்கினால் வருகிற பத்துக் காம்பரா. கதவுக்கு மேல் தாரில் எழுதியிருந்த இலக்கம் ஒருமுறை வெள்ளையடித்தபோது மறைந்துபோனது; பிறகு யாரும் எழுதவில்லை, தேவைப்படவுமில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்கு, பிரட்டுக்களத்திலிருந்து எங்கள் லயத்துப் பக்கம் போகிற யாராவது ஒருவர் கைக்கு. என்னுடைய ஆசிரியர் நியமனக் கடிதமே மூன்று கை மாறி, மடிப்பில் கொழுந்துக் கறையோடுதான் வந்தது. கடைசியில் காம்பரா இலக்கத்தை வீட்டு இலக்கமாகவும் தோட்டத்தின் பெயரைத் தெருவாகவும் எழுதி, ஊர் என்ற கட்டத்தில் கினிகத்தேனை என்று இட்டேன். தீப்பற்றிய சேனை என்பது அந்தப் பெயருக்குச் சிங்களத்தில் பொருள். பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை எங்கள் சுவர் காயாது. நெருப்பைப் பேரில் வைத்துக்கொண்டு வருடம் பூராவும் நனைகிற ஊர். கனடாவில் யாரோ ஓர் அதிகாரி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார்.

என் பத்து வருடத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. 2015 இல், டிப்ளோமா முடிந்து நியமனம் வரும் வரைக்கும் நான்கு மாதம், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். இரவில் அதே கடையின் மேல்தட்டில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் ஆறு பேர் படுப்போம்; ஆறு பேரும் மலையகத்துப் பையன்கள். சம்பளத்துக்குத் துண்டு இல்லை, தங்கியதற்குச் சீட்டு இல்லை. கடையும் இப்போது இல்லை. அந்த நான்கு மாதத்துக்கு என் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. எழுதினேன், ஒரு கேள்வியும் வரவில்லை, நம்பிவிட்டார்கள். நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம் வந்து இன்றைக்குப் பதினொரு நாள். சந்தோஷப்பட வேண்டிய மனம் ஏனோ அந்த நான்கு மாதத்திலேயே போய்ப் போய் நிற்கிறது. எங்கள் வீட்டில் இதே கேள்விக்கு எனக்கு முன்பே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவரை நம்பவில்லை.

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. திறந்தால் துருவும் பூச்சி உருண்டையும் கலந்து மணக்கும். அதற்குள் நான்காக மடித்து, மடிப்பெல்லாம் விட்டுப்போன ஓர் ஆங்கிலக் கடிதம். பிரஜாவுரிமைக்கான அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று சொல்கிற கடிதம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்து மக்களைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. உள்ளே வர ஒரு வழி என்று சொல்லி அடுத்த வருடமே இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதே வருடம் வாக்குரிமையும் போனது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் என்பது அந்த இரண்டாவது சட்டத்தின் பெயர். 1946 ஜனவரி 1 க்கு முன்னால், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடையறாமல் இந்த நாட்டில் வதிந்ததைக் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் 5 க்குள் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. தாத்தா ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியவர். முதல் தோட்டத்தில் வேலை நாட்களைப் பதிந்த செக்ரோல் புத்தகம் கிடைக்கவில்லை. 1941 இல் சில மாதங்கள் அவர் எங்கே இருந்தார் என்று காட்டக் கடதாசி இல்லை. அவர் இங்கேதான் இருந்தார். வட்டவளைப் பக்கத்தில் ஒரு மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அந்த மலையை அவர் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார், அப்பா எனக்குக் காட்டினார். பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் தெரியும். அவர் வெட்டிவிட்ட செடிகளில் இன்னும் கொழுந்து எடுக்கிறார்கள். செடி சாட்சி சொல்லாது.

வதிவாளர் என்ற சொல்லை நான் இந்தப் பதினொரு நாட்களாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தாவுக்கு மறுத்த அதே சொல் இப்போது நிரந்தரம் என்ற அடைமொழியோடு எனக்குக் கிடைத்திருக்கிறது, வேறொரு நாட்டிலிருந்து. பழைய தமிழில் பறவைகள் இரவுக்கு மரத்தில் தங்குவதற்கும் வதிதல் என்றுதான் சொல்வார்கள். விடிந்தால் எழுந்து போகிற தங்கல் அது. அதன் தலையில் நிரந்தரத்தை ஏற்றி வைத்தது அலுவலகத் தமிழ். கனடாவின் நிரந்தரத்துக்கும் கணக்கு இருக்கிறது: ஐந்து வருடத்தில் 730 நாட்கள் அந்த மண்ணில் நின்றிருக்க வேண்டும். அட்டையும் ஐந்து வருடத்துக்குத்தான். நாட்களை எண்ணி இருப்பைக் கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று அப்பாயி விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவர் இருந்தார் என்பதை அவர் வேலைக்கு நின்ற நாளால் மட்டும் அளந்தார்கள். புதிய நாட்டிலும் என்னை அளக்கப் போவது ஒரு செக்ரோல்தான் என்று தோன்றும்போது பயமா ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு அந்தக் கதவு திறந்தது நான் ஆசிரியன் என்பதால். 2025 பெப்ரவரி கடைசியில் கனடா தன் குடிவரவுத் தெரிவில் கல்வித் துறைக்கென்று ஒரு பிரிவை ஏற்படுத்தியது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர் அந்தப் பட்டியலில் இருந்தார். அதற்கு முன்பே நான் பரீட்சை எழுதி, சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பிக் காத்திருந்தேன். புள்ளி கணக்கிடும் அட்டவணையை எத்தனை இரவு பார்த்திருப்பேன்! 29 வயது வரைக்கும் முழுப் புள்ளி. 30 லிருந்து வருடா வருடம் குறையும். 45 வயதுக்குப் புள்ளியே இல்லை. வெளிநாட்டு அனுபவம் மூன்று வருடத்துக்கு மேல் எத்தனை வருடமானாலும் மூன்று வருடம்தான். பத்து வருடம் நான் வகுப்பில் நின்றிருக்கிறேன். அதில் ஏழு வருடம் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. அந்த ஏழு வருடத்தில்தான் எனக்கு உண்மையில் கற்பிக்க வந்தது. ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தால் அது பசியா, கண் தெரியாததா, வீட்டில் நேற்று இரவு நடந்த சண்டையா என்று முகத்திலிருந்து பிரித்தறிய ஏழு வருடம் எடுத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த அட்டவணையாலும் அதை எண்ண முடியாது. ஆனால் எண்ணப்படாத அந்தப் பகுதியை நான் எங்கே கொண்டுபோவேன், யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்ற கேள்வி இருக்கிறது. அங்கே இறங்கியதும் நான் ஆசிரியனும் இல்லை. நிரந்தர வதிவிடம் தருவது மத்திய அரசு; கற்பிக்க அனுமதி தருவது மாகாணம். ஆசிரியன் என்பதற்காக உள்ளே எடுத்துக்கொண்ட நாட்டில், ஆசிரியன்தான் என்று நான் திரும்பவும் நிரூபிக்க வேண்டும். அதுவரைக்கும் ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுத நேரலாம். புறக்கோட்டையின் பருப்பு மூட்டை மணம் சிலநேரம் முன்கூட்டியே மூக்கில் வந்து நிற்கிறது.

ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல் பகுதிக்கு எனக்கு 8 தேவைப்பட்டது. மற்ற மூன்றுக்கும் 7 போதும். எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை தகரம், வீட்டின் கூரையும் தகரம். மழை அடித்து ஊற்றும்போது முன்வரிசைப் பிள்ளைக்குக்கூட நான் சொல்வது கேட்காது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் எழுதச் சொல்வேன், அல்லது படம் வரையச் சொல்வேன். வரைவது பெரும்பாலும் மலையும் கோச்சியும். இப்படி மழை தின்ற மணித்தியாலங்களைக் கூட்டினால் ஒரு பிள்ளையின் ஆரம்பக் கல்வியில் எத்தனை மாதம் வரும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு காதிலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, யாரோ இரண்டு பேர் நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவதைப் பற்றிப் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 8 எடுத்தேன். அடுத்த நாள் வகுப்பில் மழை பெய்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மழைக்குள் கேட்கும் வழியை நான் எனக்கு மட்டும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தின் கதையே வந்து போன ஆசிரியர்களின் கதைதான். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அப்பா படித்தது அப்படியொன்றில். 1977 க்குப் பிறகு அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. வெளி மாவட்டங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். பலர் நல்லவர்கள், சிலரை அம்மா இன்றும் பேர் சொல்லிக் கும்பிடுவார். ஆனாலும் அவர்களுக்கு ஊர் வேறெங்கோ இருந்தது. இடமாற்றம் கிடைத்த அன்று குடையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கினால் அவர்கள் நிற்பார்கள் என்ற நம்பிக்கை அப்படித்தான் பிறந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அந்த நம்பிக்கையின் மேல், ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. நான் அங்கே படித்தவன். மூன்று வருடத்தில் கடைசி வருடம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. ஒரு விரிவுரையாளர் முதல் நாளில், நீங்கள் போக வேறு ஊர் இல்லை, அதுதான் உங்கள் தகுதி என்றார். அப்போது அதைப் பெருமையாகக் கேட்டோம். இன்றைக்கு எனக்குப் போக வேறு ஊர் இருக்கிறது.

போவது துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே வந்ததே போனதால்தான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து எழுதியது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். தாத்தாவின் தம்பி தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறினார். அவர்களை ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். சாகும் வரைக்கும் அங்கே அவர் சிலோன்காரர். இங்கே நின்ற அப்பா, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு சத்தியக்கடதாசியின் மேல் பிரஜையானார். தாத்தாவுக்கு இல்லாமல்போன சில மாதங்களின் கடதாசியை அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்கள் கப்பல் ஏறிய அந்தக் காலத்தை நினைக்கும்போது எனக்கு இர. சிவலிங்கம் நினைவுக்கு வருவார். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் கற்பித்தவர், அதிபராக இருந்தவர். அவரிடம் படித்தவர்களிலிருந்து ஒரு தலைமுறையே எழுத்தும் ஆசிரியத் தொழிலுமாக எழுந்தது. பின்னாளில் அவரும் இந்தியாவுக்குப் போனார். போய், நீலகிரியில் கோத்தகிரியில் தாயகம் திரும்பியோர் மத்தியில் வேலை செய்தார். அவருடைய மக்கள் போன இடத்துக்கு ஆசிரியரும் போனார் என்று அதை நான் விளங்கிக்கொள்கிறேன். என் பயணத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் போகிற இடத்தில் என் தரம் மூன்றின் பிள்ளைகளின் உறவு ஒன்றும் இல்லை.

எனக்காக மட்டும் போகவில்லை என்பதும் உண்மை. 2022 இல் பெட்ரோல் இல்லாமல், பேப்பர் இல்லாமல், பள்ளிக்கூடம் பாதி நாள் மூடிக்கிடந்தது. என் சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதியைத் தொடவில்லை. மகளுக்குப் பால்மா தேடி நாவலப்பிட்டி வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு மாலையில்தான் இந்த எண்ணம் விழுந்தது. அதே வருடம் ஜூனில் 14/2022 சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரைக்கும் வெளிநாடு போகலாம் என்றது. சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாது என்றும் சொன்னது. என்னோடு படித்தவர்கள் பலர் அப்படிப் போனார்கள். என் நண்பர் ஒருவர், விஷயம் தெரிந்த ஒரே ஆசிரியர், நேற்றும் சொன்னார்: “சேர், ரிசைன் மட்டும் பண்ணிறாதீங்க. லீவப் போட்டுட்டுப் போங்க. அங்க சரிவரல்லன்னா வந்துறலாம்.” அன்பாகத்தான் சொன்னார். லீவு விண்ணப்பமும் எழுதி மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதில் திரும்பி வருகிற தேதிக்கு ஒரு கோடு விட்டிருக்கிறது. அங்கே நிலையாகக் குடியிருக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் இந்த உறுதிப்பத்திரத்தை வாங்கியிருக்கிறேன். இரண்டு கடதாசியிலும் ஒரே கையெழுத்து. எதில் பொய் சொல்கிறேன் என்று என்னையே கேட்டால் இரண்டிலும் கொஞ்சம் என்றுதான் பதில் வருகிறது. தாத்தாவின் காலத்தில் இந்தியாவுக்குப் பணம் அனுப்பியவரையும் போய் வந்தவரையும், நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லாதவர் என்று எழுதிக் கழித்தார்கள். எண்ணத்துக்கு ஆதாரம் கேட்டால் யாரால் கொடுக்க முடியும்? நான் கனடாவிலிருந்து அம்மாவுக்குப் பணம் அனுப்புவேன். வருடத்துக்கு ஒருமுறை வரவும் ஆசைப்படுவேன். அந்தச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் நானும் எங்கேயும் வதியாதவன்தான்.

பள்ளிக்கூடத்தில் மாதத்தின் முதல் நாள் இடாப்பில் பிள்ளைகளின் பெயரை நானே எழுதுவேன். இந்த மாதம் இருபத்தேழு பெயர். அன்று மழை ஓய்ந்திருந்தது, கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. வகுப்பு முடிந்து ஒரு தாய் கூடையோடு வாசலில் நின்றார், மலையிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையில் ஈரமும் அட்டை கடித்த இரத்தமும். “சேர், இவன அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நீங்கதானே பாப்பீங்க? ஸ்கொலர்ஷிப் வரைக்கும்?” மகன் இரண்டு மாதத்துக்கு முன்புதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தான். நான் தலையாட்டினேன். சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை; அந்தத் தலையாட்டலை அவர் சரி என்று எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அலுவலகத்துக்குப் போய் ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டால் என் பெயர் இந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கில் இருக்கும். கணக்கில் பெயர் இருக்கும் வரைக்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் பட்டியலில் என் இடம் வெற்றிடமில்லை. ஐந்து வருடம். அந்தப் பையன் தரம் எட்டுக்குப் போயிருப்பான்.

வேலைக்கு வராதவனுக்குச் செக்ரோலில் பேர் போடுவதைத் தோட்டத்தில் பொய்ப்பேர் என்பார்கள். ஒரு காலத்தில் கங்காணிமார் சிலர் செய்தது. மற்றவர் முதுகு வளைந்து எடுத்த கொழுந்து அந்தப் பேருக்கு அடியில் போய்ச் சேரும். தாத்தா தன் வாழ்நாள் முழுவதும் தன் பெயரை ஒரு புத்தகத்தில் ஏற்றப் பாடுபட்டார். இருந்த இடத்திலேயே அது ஏறவில்லை. நான் இல்லாத இடத்தில் என் பெயரைக் காவல் வைத்துவிட்டுப் போக நினைத்தேன். பதினொரு நாளாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். போவதைவிட, போன பிறகும் இருப்பதாகக் காட்டிக்கொள்வது. லீவு வேண்டாம், ராஜினாமா என்று முடிவெடுப்பதால் ஒன்றும் தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். பெயரை எடுத்துவிட்டால் இன்னொருவர் வருவார் என்று யாரும் உறுதி தரவில்லை. வெற்றிடம் என்று எழுதியே வருடக்கணக்காகக் கிடக்கிற பள்ளிக்கூடங்கள் இந்த மலையில் இருக்கின்றன. வந்தாலும் அவர் குடையை மடக்கிக்கொண்டு போகிறவராக இருக்கலாம். திரும்பி வர ஒரு வழி இல்லாமல் போவதை நினைக்க வயிறு கலங்குகிறது. மனைவியிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் இல்லாத இடத்தை இல்லை என்று எழுதுவது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

இன்று இரவு லீவு விண்ணப்பத்தை எடுத்து ட்ரங்குப் பெட்டிக்குள், அந்த ஆங்கிலக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை திரும்பவும் தொடங்கிவிட்டது, அம்மா ஏதோ கேட்கிறார், தகரச் சத்தத்தில் காதில் விழவில்லை. அதிபரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும். காலையில் அவர் மலைக்குப் போகும் முன் பிரட்டுக்களத்துக்குப் போனால் பிடிக்கலாம். தலையாட்டியது சரி என்ற அர்த்தத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.